பொன்னழகுக்குச் சாமி வந்த வெள்ளிக்கிழமை

வெறுங்கையை வீசிக்கொண்டு பொன்னழகு தெருவில் நடந்து யாரும் பார்த்ததில்லை. ரேஷன் கடைக்குப் போனால் பை நெஞ்சோடு இருக்கும். கோயிலுக்குப் போனால் அர்ச்சனைக் கூடை. பக்கத்து வீட்டில் ஒரு கை உப்பு வாங்கப் போனாலும் அரிசி புடைக்கிற சுளகை எடுத்து நெஞ்சில் அணைத்துக்கொண்டுதான் படியிறங்குவாள். "உப்புக்கு எதுக்குடி சுளகு?" என்று பக்கத்து வீட்டு ரேணுகா கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள். டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் பையை மடியில் வைக்க மாட்டாள். பச்சைப்பிள்ளையைப் போல அணைத்துக்கொள்வாள். கைக்கு ஒன்றுமே அகப்படாத நாளில் இடக்கையால் வலது முழங்கையைப் பிடித்து, தோளை முன்னால் குவித்து, தரையில் எதையோ தொலைத்தவளைப் போல நடப்பாள்.

எட்டாம் வகுப்பில் வந்த பழக்கம் அது. பெரியமனுஷியான மாதமே பள்ளிக்கூடம் நின்றுபோனது. அவளுடைய அம்மா கொடுமைக்காரி அல்ல. ஊர்க் கண்ணுக்குப் பயந்தவள், அவ்வளவுதான். தண்ணீருக்கு அனுப்பும்போதெல்லாம் வாசல்வரை வந்து, "நெஞ்ச நிமித்திக்கிட்டு நடக்காத. பாக்குறவன் கண்ணு நல்ல கண்ணா இருக்காது" என்பாள். அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. சொன்ன சொல் மட்டும் மகளின் தோளில் ஏறி உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான், இறங்கவில்லை.

கோட்டையூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு வேலையும் அந்தக் கூனலுக்குத் தோதாகவே அமைந்தது. காரைக்குடி ஜவுளிக்கடைகளிலிருந்து வரும் சேலைகளுக்கு ஃபால்ஸ் தைப்பாள், முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவாள். காலை நீட்டிச் சேலையை மடியில் போட்டுக் குனிந்தால் அடுப்பில் பால் பொங்கும்வரை நிமிரமாட்டாள். கணவர் தங்கச்சாமி குட்டியானை வண்டியில் சரக்கு ஓட்டுகிறவர். சாது. பேச்சு மட்டும் டீக்கடைக்கு என்று எடுத்துவைத்திருப்பார். மகள் சத்தியப்பிரியா கோயம்புத்தூரில் நர்ஸ். வீட்டில் குறை என்று சொல்ல எதுவும் இல்லை.

ஐப்பசியில் ஒரு நாள் குஞ்சம் கட்டக் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. ரேணுகாதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எலும்புல ஒண்ணும் இல்ல. இத்தன வருஷம் முன்னாலயே வளஞ்சிருக்கீங்க. இனிமே பின்னால வளைங்க" என்றார்.

"நான் வளைக்கிறேன் டாக்டர் இவள" என்றாள் ரேணுகா.

ரேணுகாவின் வாய்க்கு ஒரு தெரு போதாது. பொன்னழகு பேசாமல் மிச்சம் வைக்கிற பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசுகிறவள் அவள். அடுத்த செவ்வாய்க்கிழமையே பொன்னழகைக் கையைப் பிடித்து யோகா வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

வகுப்பு நடப்பது ஓர் ஆச்சியின் பெரிய வீட்டில். ஆச்சி சென்னையில் மகனோடு இருக்கிறார். வீட்டைக் காவல் காக்கும் சேவுகன்தான் கதவைத் திறந்து மூடுவார். பூட்டிக் கிடக்கிற வளவில் நாலு பெண்கள் கை காலை நீட்டினால் வீட்டுக்கும் காற்றோட்டம் என்று ஆச்சி செவ்வாயும் வெள்ளியும் இடம் கொடுத்திருந்தார். நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண்கள், பூப்போட்ட தரை; அதுதான் வளவு. பெண்கள் தூண்களை ஒட்டிப் பாய் விரித்துக்கொள்வார்கள்.

சொல்லிக்கொடுக்கும் அகல்யா காரைக்குடிப் பெண். யோகாவுக்கென்றே படித்துப் பட்டம் வாங்கியவள். முதுகெலும்பு, தசை, நரம்பு என்று ஆரம்பித்தால் இந்தப் பெண்கள் கொட்டாவி விடுவார்கள் என்பதை முதல் வாரத்திலேயே கண்டுகொண்டாள். அதனால் ஆசனத்துக்கு ஒரு கதை வைத்திருந்தாள். மார்கழி பிறந்ததும் பின்னால் வளைகிற ஆசனங்களாகவே எடுத்தாள். பாம்புக்கு ஆதிசேஷன்.

"பூமியைத் தலையில தாங்குறவரு அக்கா அவரு. நீங்க தலையத் தொங்கப் போட்டா பூமி என்னத்துக்கு ஆகும்? எந்திரிங்க, எந்திரிங்க!"

வில்லுக்கு, சீதைக்கு மாப்பிள்ளை தேடிய வில்.

"ஒடைக்கிறதுக்கு முந்தியா, ஒடச்ச பெறகா டீச்சர்?" என்று குப்புறப் படுத்துக் கணுக்காலைப் பிடித்தபடியே ரேணுகா கேட்டாள். "ஏன்னா என் இடுப்பு ஒடஞ்ச கட்சி."

பொன்னழகு கடைசித் தூணுக்குப் பக்கத்தில் பாய் விரித்துக்கொள்வாள். மகளுடைய பழைய சுடிதார், அதன் மேல் துப்பட்டாவை இரண்டு சுற்றாகச் சுற்றி ஊக்குக் குத்தியிருப்பாள். பாம்பு ஆசனத்தில் மற்றவர்கள் படமெடுத்தால் அவள் மண்புழு மாதிரி தலையை மட்டும் தூக்குவாள். ஆனாலும் ஒரு நாள் விடாமல் வந்தாள். வகுப்பில் அவளுக்கு ஒன்று பிடித்துப்போயிருந்தது. "கண்ண மூடிக்கங்க" என்று டீச்சர் சொன்னதும் அத்தனை பேரும் மூடிக்கொள்வார்கள். பார்க்க ஆள் இல்லாத இடத்தில் தோள் தானாகவே கொஞ்சம் இறங்கும். மூச்சு வயிறுவரை போய் வரும். இப்படி ஒரு மூச்சு தனக்கு இருப்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. வாரம் முழுக்கச் சேலைகளுக்கு நடுவில் உட்கார்ந்து செவ்வாயையும் வெள்ளியையும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் ஒட்டக ஆசனம் வந்தது.

"ஒட்டகத்துக்கு நம்ம பக்கம் கதை கெடையாது" என்றாள் அகல்யா. "அதுனால இதுக்கு அனுமார வச்சிருக்கேன். பட்டாபிஷேகத்துல சீதையம்மா அவருக்கு முத்து மாலை குடுத்தாக. இவரு என்ன பண்ணாரு, ஒவ்வொரு முத்தாக் கடிச்சுக் கடிச்சு உள்ள பாத்தாரு. சுத்தி இருந்தவுகெல்லாம் சிரிச்சாக. ராமன் உள்ள இல்லாத முத்து எனக்கு எதுக்குன்னாரு. அப்ப உனக்குள்ள இருக்காரான்னு கேட்டாக. நெஞ்சைப் பிளந்து காட்டிட்டாரு. நம்ம பிளக்க வேணாம் அக்கா, திறந்தாப் போதும். மண்டி போடுங்க. கையைப் பின்னால கொண்டுபோயி குதிகாலைத் தொடுங்க. நெஞ்சை மேல தூக்குங்க. உள்ள யாரு இருக்காகன்னு பாருங்க."

"எனக்குள்ள எங்க மாமியாதேன் சம்மணம் போட்டு உக்காந்திருக்கும்" என்றாள் ரேணுகா. "தெறக்கவா, வேணாமா?"

வளவு முழுக்கச் சிரித்தது. பொன்னழகும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே மண்டி போட்டாள். குதிகாலைத் தொட அவளால் ஆகாது என்றுதான் நினைத்தாள். ஒரு கை போனது; தொட்டது. இன்னொரு கையும் போனது. ஊக்குக் கழன்று துப்பட்டா நழுவித் தரையில் விழுந்தது. அதைப் பிடிக்கக் கை இல்லை. நெஞ்சு மேலே எழும்பியது. தலை பின்னால் சாய்ந்தது. இத்தனை வாரமாகத் தரையின் பூக்களையே பார்த்தவளுக்கு முற்றத்துக்கு மேலே ஒரு சதுர வானம் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. ஓட்டு விளிம்பில் ஒரு மைனா உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது தொண்டைக்குக் கீழே ஏதோ அவிழ்ந்தது. முதலில் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு தோள் நடுங்கியது. பிறகு உடம்பு முழுக்க. கடைசியில் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது; நீளமாக, அடிவயிற்றிலிருந்து, அவள் குரல்தான் என்று அவளாலேயே நம்பமுடியாத சத்தம்.

அகல்யா எழுந்து ஓடிவருவதற்குள் ரேணுகா முந்திக்கொண்டாள்.

"சாமி வந்திருச்சு! பொன்னழகுக்குச் சாமி வந்திருச்சுடியோவ்!"

அவ்வளவுதான். குலவைச் சத்தம் ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போனது, மைனா பறந்துவிட்டது. பாய்கள் மிதிபட்டன. ஒருத்தி வேப்பிலைக்கு வெளியே ஓடினாள். காவல்காரர் சேவுகன் பூஜை அறையிலிருந்து சூடத்தைக் கொளுத்திக் கொண்டுவந்தார். யாரோ நெற்றி நிறையத் திருநீறு அப்பினார்கள்.

"வெலகுங்க அக்கா, காத்து வரட்டும். இப்படி வளையும்போது சில பேருக்கு அழுக வரும். ஒண்ணும் இல்ல" என்று அகல்யா கத்தினாள். காதில் வாங்க ஆள் இல்லை.

"யாரு தாயி வந்திருக்கது?" ரேணுகா கைகூப்பி மண்டியிட்டிருந்தாள். காலையில் சட்னிக்குத் தேங்காய் கடன் கேட்டு வந்த அதே ரேணுகா. "ஒனக்கு என்ன வேணும்? சொல்லு தாயி!"

அழுதழுது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பொன்னழகு மூச்சு வாங்கி ஒரு சொல் சொன்னாள்.

"தண்ணி."

"தண்ணி கேக்குறா ஆத்தா!" என்று ரேணுகா திரும்பி எல்லாருக்கும் அறிவித்தாள். "எல்லாரும் கேட்டுக்கங்க, தண்ணி கேக்குறா!" அத்தனை களேபரத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் அகல்யா தன் பாட்டிலைக் கொடுத்தாள்.

அத்தோடு போயிருந்தால் ஒரு வாரப் பேச்சோடு அடங்கியிருக்கும். ஆனால் அந்தத் தெருவில் சாலை தோண்டியபோது குழாய் உடைந்து, குடிதண்ணீர் வராமல் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த நேரம் அது. மறுநாள் விடிந்தபோது குழாயில் தண்ணீர் வந்தது. ஆள் வந்து சரிசெய்துவிட்டுப் போனதைப் பலரும் பார்த்திருந்தார்கள். இருந்தாலும் ஆத்தா கேட்டாள், தண்ணீர் வந்தது என்ற பேச்சு குடங்களோடு வீடுவீடாகப் போனது.

அன்று முதல் பொன்னழகு குழாயடிக்குப் போனால் வரிசை விலகியது. முன்பின் தெரியாதவர்கள் வாசலில் நின்று கும்பிட்டார்கள். கும்பிட்டவர்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் வேறு யாரோ நிற்பதைப் போலக் கொஞ்சம் மேலே பார்த்தார்கள். அவளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

தங்கச்சாமி காபி போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அடுப்பு எந்த மூலையில் இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது.

"என்னங்க இது?" என்றாள் பொன்னழகு.

"குடி. சூடா இருக்கு" என்றவர், சொன்னது மரியாதைக் குறைவாகப் பட்டதோ என்னவோ, "குடிங்க" என்று திருத்திக்கொண்டார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. காபி நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், அந்த இரண்டு மூன்று நாள் அவளுக்கும் பிடித்திருந்தது. தான் பேசாவிட்டாலும் நாலு பேர் வாயை மூடிக்கொண்டு தன் வாயைப் பார்க்கிற அனுபவம் அவளுக்குப் புதிது.

திங்கட்கிழமை தங்கச்சாமியின் அக்காள் பொன்னுத்தாயி கீழச்சிவல்பட்டியிலிருந்து வந்து இறங்கினாள். கையில் எலுமிச்சம்பழப் பை, வாழைச்சீப்பு, புதுச்சேலை. வந்ததும் வராததுமாகப் பொன்னழகைப் பலகையில் உட்காரவைத்துக் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள்.

"மதினி, நீங்க எம்புட்டுப் பெரியவுக. எங்கால்ல போயி…"

"நீ சும்மா இரு புள்ள. நான் உனக்கா ஊத்துறேன்? ஆத்தாளுக்கு ஊத்துறேன்." பொன்னுத்தாயிக்குக் கண் கலங்கியிருந்தது. "எங்க அம்மாவுக்குப் பெறகு நம்ம காளியாத்தா ஒருத்தர் மேலயும் எறங்கல. படையல் போடுறோம், கெடா வெட்டுறோம், வாக்குச் சொல்ல நாதி இல்ல. பங்காளியெல்லாம் சிரிக்கிறாய்ங்க. இப்பத்தேன் கண்ணத் தெறந்திருக்கா."

பிறகு தட்டில் எலுமிச்சம்பழத்தை வைத்துக் கைகூப்பினாள். மகன் காளிராஜுக்கு முப்பத்திரண்டு முடிந்தும் பெண் அமையவில்லை. "எந்தத் தெசையில இருக்கா தாயி எம் மருமக? ஒரு வார்த்த சொல்லு."

பொன்னழகு அடுப்பில் பால் வைத்திருந்தாள். பொங்கிவிடுமோ என்று அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"வடக்கு!" என்று பொன்னுத்தாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "வடக்கத்தான் காட்டுறா! தம்பி, பாத்தியாடா? கண்ணாலயே காட்டுறா!"

பால் பொங்கி அடுப்பை அணைத்தது. அதுவும் நல்ல சகுனமாகிவிட்டது.

கிளம்பும்போது பொன்னுத்தாயி இரண்டு விஷயம் சொன்னாள். மாசிப் படையலில் பொன்னழகுதான் கரகம் எடுத்து முன்னால் நிற்க வேண்டும்; இது ஒன்று. "இன்னொண்ணு, அந்த யோகாவுக்கெல்லாம் இனிமே போகாத. ஆத்தா எறங்குன ஒடம்பு அது. கண்ட எடத்துல மல்லாக்க வளைக்கப்படாது."

முதல் விஷயம் பொன்னழகுக்குப் பயமாக இருந்தது. இரண்டாவதைக் கேட்டதும் மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயைத் திரும்பிப் பார்த்தாள். காபி போனால் போகட்டும். குழாயடி வரிசையில் கடைசியில் நிற்கவும் அவளுக்குப் பழக்கம்தான். அந்தச் செவ்வாயும் வெள்ளியும் இல்லாமல் வருகிற வாரங்களை நினைத்துப் பார்க்கத்தான் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அடுப்படியில் மண்டி போட்டுப் பார்த்தாள். கை குதிகாலைத் தொட்டது. நெஞ்சு எழும்பியது. மேலே புகை படிந்த உத்தரமும் ஒரு பல்லியும்தான் தெரிந்தன. அழுகை வரவில்லை, சாமியும் வரவில்லை. சுகமாக மூச்சு வந்தது. அப்படியே இருந்தாள். வாசலில் யாரோ "தாயி" என்று கூப்பிட்டார்கள். சட்டென்று எழுந்து, கைக்கு எட்டிய சுளகை எடுத்து நெஞ்சில் அணைத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ரேணுகா வந்து புது விஷயம் சொன்னாள். இப்போதெல்லாம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறாள், ஒரு கை தூரம் தள்ளி நின்று.

"டீச்சர் வளையுறதயெல்லாம் இன்னையோட நிறுத்தப் போகுதாம். ஆச்சி மெட்ராஸுலருந்து போன் பண்ணுச்சாம். வளவுல யோகா நடக்குதா, கோயில் நடக்குதா, சூடம் கொளுத்தித் தரையக் கரியாக்கி வச்சிருக்கீகளேன்னு. இனிமே மூக்கப் பிடிச்சு மூச்சு விடுறது மட்டுந்தானாம். நீ வந்து ஒரு வாக்குச் சொன்னீனா…" என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சொன்னீகன்னா ஆச்சி மனசு எறங்கும்."

"சொன்னீகன்னாவா?" என்றாள் பொன்னழகு.

ரேணுகா தலையைக் குனிந்துகொண்டாள். வாயாடி ரேணுகா தலை குனிந்து நின்றதைப் பார்த்ததில் பொன்னழகுக்கு மனசு கலங்கிவிட்டது. இருபது வருஷமாக அவளிடம் திட்டு வாங்காமல் ஒரு பொழுதும் விடிந்ததில்லை.

பாயைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"அக்கா வேணாமுன்னுச்சே" என்றார் தங்கச்சாமி.

"போயிட்டு வந்துர்றேன்."

தடுக்க அவருக்கும் பயம். ஆத்தாளைத் தடுத்தவர் என்ற பேர் யாருக்கு வேண்டும்?

வளவில் அன்று வழக்கத்தைவிடக் கூட்டம். பாய் இல்லாமல் வெறுமனே பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள். கடைசித் தூணுக்குப் பக்கத்தில் அவள் இடத்தைக் கழுவிக் கோலம் போட்டு, எலுமிச்சம்பழங்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அகல்யா முன்னால் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் முகம் வாடியிருந்தது. எல்லாருக்கும் பிடிக்கட்டுமே என்றுதான் கதை சொன்னாள்; கதை இப்படித் திரும்பும் என்று அவள் நினைக்கவில்லை.

"இன்னையோட பின்னால வளையுறத நிறுத்திக்கிறேன் அக்கா" என்றாள். "தப்பு எம்மேலதான். கதையெல்லாம் சொல்லியிருக்கக் கூடாது."

"அது தப்பில்ல டீச்சர்" என்றது ஒரு குரல்.

யார் குரல் என்று எல்லாரும் அங்குட்டும் இங்குட்டும் பார்த்தார்கள். பொன்னழகின் குரலை அந்த வளவு சரியாகக் கேட்டதே இல்லை. பாய் இன்னும் அவள் நெஞ்சோடுதான் இருந்தது.

"வாக்குச் சொல்றா" என்று பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள். ஒருத்தி குலவையிட வாயைக் குவித்தாள்.

"கொலவ போடாதீக" என்றாள் பொன்னழகு. "அன்னைக்குச் சாமி வரல. அழுதது நாந்தேன்."

குலவைக்குக் குவிந்த வாய் அப்படியே நின்றது.

"நீயா?" என்றாள் ரேணுகா.

"நாந்தேன்."

"அப்ப தண்ணி கேட்டது?"

"தவிச்சுச்சு. கேட்டேன்."

எங்கோ ஒரு தூணுக்குப் பின்னால் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அது அடுத்தவளுக்குத் தொற்றியது. ரேணுகாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"மண்டி போட்டுக் கும்பிட்டேனேடி உன்ன! முட்டி இன்னும் வலிக்குது. அப்பயே சொல்ல வேண்டியதுதான, சண்டாளி?"

'சண்டாளி' என்ற சொல் காதில் விழுந்ததும் பொன்னழகுக்கு உயிர் வந்தது.

"நீ எங்குட்டுப் பேசவிட்ட?"

இப்போது வளவே சிரித்தது. சேவுகன்கூட வாசலில் நின்று சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், முன்வரிசையில் இருந்த லட்சுமி, பள்ளிக்கூடத்துச் சத்துணவு ஆயா, அதிகம் பேசாதவர், மெதுவாகக் கேட்டார்:

"என்னத்துக்குப் புள்ள அழுத? வீட்டுல எதுவும் பிரச்சனையா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. அவுக நல்லாத்தான் வச்சிருக்காக." பொன்னழகு சொல்லைத் தேடினாள். "சின்னப்புள்ளையில எங்கம்மா சொல்லும், நெஞ்ச நிமித்தி நடக்காதன்னு. நானும் நிமித்துனதே இல்ல. அன்னைக்குத்தேன் நிமித்துனேன். மேல வானம் தெரிஞ்சுச்சு. அழுக வந்திருச்சு. வேற ஒண்ணும் இல்ல."

லட்சுமி தோளிலிருந்த துண்டை இழுத்துவிட்டுக்கொள்ளப் போனவர், கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"எங்க வீட்டுலயுந்தேன் சொன்னாக" என்றாள் ரேணுகா கடைசியில். "நான் யாரு பேச்சக் கேட்டேன்?" சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு குனிந்து எலுமிச்சம்பழங்களை மடியில் பொறுக்கினாள். "டீச்சர், ஆச்சிக்குப் போனப் போடுங்க. சாமி மலையேறிருச்சுன்னு சொல்லுங்க. தரையில இருக்க கரிய நான் தேச்சுக் கழுவித் தாரேன். இப்ப ஒட்டகத்தச் சொல்லுங்க. எங்க மாமியாள இன்னைக்கு வெளியேத்தாம விடுறதில்ல."

அன்று அகல்யா அனுமார் கதையை மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். பார்க்க வந்தவர்களில் சிலர் சேலையோடே ஓரமாக மண்டி போட்டார்கள். பொன்னழகு பாயை விரித்தாள். குதிகாலைத் தொட்டாள். மைனா இல்லை, வானம் இருந்தது.

வீட்டில் சொன்னபோது தங்கச்சாமி, "இன்னும் நாலு நாள் கழிச்சுச் சொல்லியிருக்கக் கூடாதா? டீக்கடையில பெஞ்சு முழுசும் எனக்குன்னு விட்டுருந்தாய்ங்க" என்றார். பிறகு அவரே சிரித்தார். மறுநாளும் காபி போட்டார்.

பொன்னுத்தாயியிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. பொன்னழகு போனில் சொல்லாமல் பஸ் ஏறிக் கீழச்சிவல்பட்டிக்கே போய், அவள் கொடுத்த புதுச்சேலையை மடிப்புக் கலையாமல் முன்னால் வைத்துச் சொன்னாள். "எனக்குச் சாமி வரல மதினி. வந்தா மொதல்ல உங்களுக்குத்தேன் சொல்லிவிடுவேன். கரகத்த வேற ஆளு எடுக்கட்டும். சட்டி தூக்க, பொங்கல் வைக்க, கூப்புட்ட சோலிக்கு நான் வாரேன்."

பொன்னுத்தாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காபித்தண்ணி கொடுத்தாள், பேசவில்லை. கிளம்பும்போது சேலையை மட்டும் பொன்னழகின் பையிலேயே திணித்துவிட்டாள். மாசிப் படையலில் பொன்னழகு பொங்கலுக்கு அடுப்பு ஊதினாள். பங்காளிகள் என்ன சொன்னார்களோ, பொன்னுத்தாயி அன்றும் பேசவில்லை. வைகாசியில் காளிராஜுக்குப் பொன்னமராவதியில் பெண் அமைந்தது. அன்றைக்கே போன் வந்தது.

"பொன்னமராவதி எங்கிட்டு இருக்கு? வடக்க!" என்றாள் பொன்னுத்தாயி. "நீ என்னமும் சொல்லிக்க. சாமி வந்ததே உனக்குத் தெரியல, அம்புட்டுதேன்."

"பால் வச்சிருந்தேன் மதினி, அதப் பாத்தேன்."

"பாலப் பாக்கச் சொன்னது யாரு?"

கல்யாணத்துக்குப் பொன்னழகு அந்தப் புதுச்சேலையைக் கட்டிக்கொண்டு போனாள்.

வகுப்பு இப்போதும் செவ்வாயும் வெள்ளியும் நடக்கிறது. ஒட்டக ஆசனத்தைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள். எப்போதாவது ஒருத்தி அழுவாள். ரேணுகா தண்ணீர் பாட்டிலை நீட்டுவாள், மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். பொன்னுத்தாயி ஊருக்கு வரும்போதெல்லாம் எலுமிச்சம்பழம் கொண்டுவருவாள்; பொன்னழகு அதில் ஊறுகாய் போட்டு அவளிடமே கொடுத்துவிடுவாள். முதுகுவலி குறைந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை. டவுன் பஸ்ஸில் பொன்னழகு இன்னும் பையை அணைத்துக்கொண்டுதான் உட்காருகிறாள். வகுப்புக்குப் போகும்போது பாயும் நெஞ்சோடுதான் இருக்கும். திரும்பும்போது மட்டும் அதை ரேணுகாவிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையை வீசிக்கொண்டு வருகிறாள்.